அடுப்பின் வரவு செலவுக் கணக்கு
(சூடு நிற்காத மின் அடுப்பைச் சோதித்தறியும் முறை)

இயற்பியல் இரண்டாம் ஆண்டு மாணவி

வெப்பம் மிகுந்த இடத்திலிருந்து குறைந்த இடத்திற்குப் பாயும் என்பது வெப்பவியலின் முதல் பாடம். பள்ளி நாள் தொட்டு இதைப் படித்து வருகிறோம். தேர்வில் எழுதி மதிப்பெண்ணும் பெற்றுவிட்டோம். ஆனால் வீட்டில் ஓர் அடுப்பு சரியாகச் சூடேறவில்லை என்றால் நம்மில் பெரும்பாலோர்க்கு அந்தப் பாடம் நினைவுக்கு வருவதில்லை. "காயில் போய்விட்டது" என்று யாரேனும் சொன்னால் நம்பிவிடுகிறோம். காயிலை மாற்றிய பின்னும் அடுப்பு முன்போலவே இருந்தால் அடுப்பையே மாற்றிவிடுகிறோம். அடுப்பு எங்கே சூட்டை இழக்கிறது என்பதைக் கண்டறிய ஒரு கைக்கடிகாரமும், ஒரு மல்டிமீட்டரும், இரண்டாம் ஆண்டு வரை நாம் படித்த இயற்பியலும் போதும். அந்த முறையை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பிஸ்கட், ரொட்டி, கேக் முதலியன சுடப் பயன்படும் சிறிய மின் அடுப்பையே இங்கு எடுத்துக்கொள்கிறேன். கடைகளில் இதனை ஓ.டி.ஜி. என்று அழைப்பார்கள். மைக்ரோவேவ் அடுப்பு இயங்கும் முறை வேறு. அது இக்கட்டுரைக்கு அப்பாற்பட்டது.

அடுப்பின் உறுப்புகள்

இவ்வகை அடுப்பு மெல்லிய எஃகுத் தகட்டாலான ஒரு பெட்டி. உள்ளே மேற்புறம் ஒன்றும் கீழ்ப்புறம் ஒன்றுமாகச் சூடேற்றும் குழாய்கள் இருக்கும். அவற்றையே பொதுவாகக் காயில் என்கிறோம். உலோகக் குழாயின் நடுவே நைக்ரோம் கம்பிச் சுருள் செல்லும். நிக்கலும் குரோமியமும் கலந்த இந்தக் கலப்புலோகத்திற்கு ஆல்பர்ட் மார்ஷ் என்ற அமெரிக்கர் 1906-இல் காப்புரிமை பெற்றார். செந்தழலாய்க் காய்ந்தாலும் இது எளிதில் எரிந்து போவதில்லை. மேற்பரப்பில் படியும் குரோமியம் ஆக்சைடு படலம் உள்ளிருக்கும் உலோகத்தைக் காக்கிறது. கம்பிக்கும் குழாய்க்கும் இடையே மக்னீசியம் ஆக்சைடு தூள் இறுக நிரப்பப்பட்டிருக்கும். இத்தூள் வெப்பத்தை வெளியே விடும்; மின்சாரத்தை வெளியே விடாது.

இரண்டாவது உறுப்பு தெர்மோஸ்டாட். இதன் உயிர்நாடி ஈருலோகத் தகடு. அதிகம் விரியும் உலோகம் ஒன்றையும் மிகக் குறைவாக விரியும் உலோகம் ஒன்றையும் முதுகோடு முதுகாக ஒட்டினால், சூடேறும்போது தகடு ஒரு பக்கமாக வளையும். வளையும் தகடு மின்முனைகளைப் பிரித்து மின்சாரத்தைத் துண்டிக்கும். குளிர்ந்ததும் நிமிர்ந்து மீண்டும் சேர்க்கும். குறைவாக விரியும் உலோகத்திற்குச் சிறந்த எடுத்துக்காட்டு இன்வார். 1896-இல் இதனைக் கண்டறிந்த ஷார்ல் எதுவார் கியோம் என்பவருக்கு 1920-ஆம் ஆண்டின் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது.

இவை தவிர, மேல் காயில் மட்டும், கீழ் காயில் மட்டும், இரண்டும் என்று தேர்ந்தெடுக்கும் திருகு ஒன்றும், நேரம் முடிந்தால் மின்சாரத்தை நிறுத்தும் கடிகாரத் திருகு ஒன்றும் இருக்கும். கதவு பெரும்பாலும் கீழ்விளிம்பில் கீல் வைத்து, முன்பக்கமாகக் கீழே சாயும்படி அமைந்திருக்கும். அதை மேலே இழுத்துப் பிடித்து மூடி வைப்பவை பக்கங்களில் உள்ள சிறு சுருள்வில்கள். இந்தச் சுருள்வில்லை நினைவில் வைத்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

வரவும் செலவும்

ஒரு குடும்பத்தில் வரவும் செலவும் சமமாக இருந்தால் கையிருப்பு மாறாது. அடுப்பும் அப்படியே. காயில் தரும் வெப்பம் வரவு. சுவர், கண்ணாடி, கதவிடுக்கு ஆகியவற்றின் வழியே வெளியேறும் வெப்பமும், உள்ளே வைத்த மாவு உறிஞ்சும் வெப்பமும் செலவு. வரவு மிகுந்தால் வெப்பநிலை உயரும். செலவு மிகுந்தால் தாழும். இரண்டும் சமமானால் அங்கேயே நிற்கும். ஆகவே 'சூடு நிற்கவில்லை' என்ற குறைக்கு இரண்டே காரணங்கள்தாம் இருக்க முடியும்: வரவு குறைந்திருக்க வேண்டும், அல்லது செலவு கூடியிருக்க வேண்டும். எது என்று தெரியாமல் பழுது பார்ப்பது, நோய் தெரியாமல் மருந்து கொடுப்பதற்கு ஒப்பாகும்.

முதலில் வரவைக் காண்போம். மின்திறன் என்பது மின்னழுத்தத்தின் இருமடியை மின்தடையால் வகுத்தால் கிடைப்பது. 230 வோல்ட்டில் 1500 வாட் தரும் அடுப்பின் மின்தடை 52,900-ஐ 1500-ஆல் வகுக்க ஏறத்தாழ 35 ஓம். மேலும் கீழும் 750 வாட் வீதம் இரண்டு காயில்கள் பக்க இணைப்பில் இருந்தால் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 70 ஓம். நைக்ரோமின் மின்தடை சூட்டால் மிகச் சிறிதளவே மாறுவதால், குளிர்ந்த நிலையில் அளந்தாலும் கணக்கு பெரிதும் பிழைபடாது.

இங்கே கவனிக்க வேண்டியது 'இருமடி' என்னும் சொல். மின்னழுத்தம் 230-இலிருந்து 185-ஆகக் குறைந்தால், அது ஐந்தில் ஒரு பங்கு குறைவுதானே என்று தோன்றும். ஆனால் திறனோ 1500 வாட்டிலிருந்து 970 வாட்டாக விழுந்துவிடும். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வரவு போய்விட்டது. காயிலில் எந்தக் குறையும் இல்லாமலே இது நடக்கும்.

அடுத்துச் செலவு. சுவரின் வழியே கடத்தலால் ஒரு பங்கு போகிறது. பெரிய அடுப்புகளில் இரு தகடுகளுக்கு இடையே கண்ணாடிப் பஞ்சு வைத்திருப்பார்கள். சிறிய அடுப்புகளில் பெரும்பாலும் காற்றிடைவெளி மட்டுமே. கதவுக் கண்ணாடியின் வழியே மற்றொரு பங்கு போகிறது. 180 டிகிரி செல்சியஸில் உள்ள சுவர் வீசும் கதிரின் உச்ச அலைநீளம், வீன் விதிப்படி, ஏறத்தாழ 6.4 மைக்ரோமீட்டர். சாதாரணக் கண்ணாடி இந்த அலைநீளத்தை ஊடுருவ விடுவதில்லை. தானே உறிஞ்சிச் சூடாகி வெளிப்புறம் வீசுகிறது. கதவுக் கண்ணாடி கையைச் சுடுவது இதனால்தான்.

மூன்றாவது வழி சலனம். 180 டிகிரி என்பது 453 கெல்வின். அறை வெப்பநிலை 30 டிகிரி என்பது 303 கெல்வின். ஒரே அழுத்தத்தில் காற்றின் அடர்த்தி தனிவெப்பநிலைக்கு எதிர்விகிதத்தில் இருப்பதால், அடுப்பினுள் உள்ள காற்றின் அடர்த்தி வெளிக்காற்றில் மூன்றில் இரண்டு பங்குதான். கதவின் மேல்விளிம்பில் இடுக்கு இருந்தால் சூடான காற்று அதன் வழியே ஏறி வெளியேறும். கீழ்விளிம்பின் வழியே குளிர்ந்த காற்று உள்ளே நுழையும். புகைபோக்கி வேலை செய்யும் அதே முறை. அடுப்பு தன்னையே ஒரு புகைபோக்கியாக ஆக்கிக்கொள்கிறது எனலாம்.

சூடு எங்கே தங்கியிருக்கிறது?

"கதவைத் திறந்தால் சூடெல்லாம் போய்விடும்" என்பது யாவரும் கூறுவது. இதனைக் கணக்கிட்டுப் பார்ப்போம். 30 லிட்டர் அடுப்பில், 180 டிகிரியில், காற்றின் நிறை ஏறத்தாழ 23 கிராம். அதனை 30 டிகிரியிலிருந்து 180 டிகிரிக்கு ஏற்றத் தேவையான வெப்பம் சுமார் 3.5 கிலோஜூல் மட்டுமே. 1450 வாட் காயில் இதனை இரண்டரை விநாடிக்குள் திருப்பித் தந்துவிடும். ஆனால் உட்பெட்டியின் தகடு 3 கிலோகிராம் என்று வைத்துக்கொண்டால், அதில் தங்கியிருக்கும் வெப்பம் சுமார் 225 கிலோஜூல்.

ஆக, சூடு காற்றில் இல்லை, சுவரில் இருக்கிறது. ஐந்தாறு விநாடி கதவைத் திறந்து மூடினால் பெரிய இழப்பில்லை. நீண்ட நேரம் திறந்து வைத்தால்தான் சுவரின் கையிருப்பு கரையத் தொடங்குகிறது. விறகெரிக்கும் பழைய ரொட்டிக் கடைகளில் செங்கல் வளைவு அடுப்பை முன்கூட்டியே எரித்துக் காயவைத்து, தணலை ஒதுக்கிவிட்டு, கல்லில் தங்கிய சூட்டிலேயே ரொட்டி சுடுவதும் இந்தக் கொள்கையால்தான்.

நான்கு அறிகுறிகள்

பெரும்பாலான அடுப்புகளில் சூடேற்றும் விளக்கு, தெர்மோஸ்டாட் மின்சாரத்தைத் துண்டிக்கும்போது அணைந்து, சேர்க்கும்போது எரியும். விளக்கு அவ்வாறு அமையாத அடுப்பில், தெர்மோஸ்டாட்டின் 'டிக்' ஒலியைக் கேட்டும், காயில் சிவப்பதைப் பார்த்தும் அறியலாம். இந்த விளக்கையும் அடுப்பின் நடுவில் உள்ள வெப்பநிலையையும் சேர்த்துப் பார்த்தால் குறை எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும்.

ஒன்று: விளக்கு அணையவே இல்லை, வெப்பநிலையும் எட்டவில்லை. இங்கே தெர்மோஸ்டாட் மேல் குற்றமில்லை. அது மின்சாரத்தைக் கேட்டுக்கொண்டேதான் இருக்கிறது. வரவு குறைவு, அல்லது செலவு மிகுதி.

இரண்டு: விளக்கு விரைவில் அணைந்துவிடுகிறது, ஆனால் உள்ளே சூடு போதவில்லை. தெர்மோஸ்டாட் தவறான இடத்தில் துண்டிக்கிறது என்று பொருள்.

மூன்று: விளக்கு உரிய வெப்பநிலையில் அணைகிறது, ஆனால் மீண்டும் எரிவதற்குள் வெப்பநிலை மிகவும் தாழ்ந்துவிடுகிறது. தெர்மோஸ்டாட்டின் மின்முனைகள் தேய்ந்திருக்கலாம், அல்லது தகடு மந்தமாக வளையலாம்.

நான்கு: நடுவில் வெப்பநிலை சரியாக இருக்கிறது, ஆனால் ஒரு பக்கம் கருகுகிறது, மறுபக்கம் வேகவில்லை. மேலும் கீழும் வேறுபாடு என்றால் ஒரு காயில் வேலை செய்யவில்லை, அல்லது தேர்வுத் திருகு ஒன்றில் மட்டும் நிற்கிறது. முன்னும் பின்னும் வேறுபாடு என்றால் கதவைச் சந்தேகிக்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் முன்னால், கடிகாரத் திருகு பாதியில் முடிந்து மின்சாரத்தை நிறுத்திவிடுகிறதா என்று பார்ப்பது நன்று. அதற்குக் காசு செலவில்லை.

ஓர் உண்மை எடுத்துக்காட்டு

எங்கள் கிராமத்தில் என் தாயார் மகளிர் சுயஉதவிக் குழுவில் உறுப்பினர். பழைய விலைக்கு வாங்கிய 30 லிட்டர், 1500 வாட் அடுப்பில் கேழ்வரகு பிஸ்கட்டும் தேங்காய் பிஸ்கட்டும் சுட்டு மூன்று தேநீர்க் கடைகளுக்குக் கொடுத்து வருகிறார். எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்கு வந்தவள் நான் ஒருத்தியே. என் தேர்வுக் கட்டணமும் பேருந்துச் செலவும் அந்த அடுப்பிலிருந்துதான் வருகின்றன. சென்ற பருவத்தில் ஒரு கடைக்காரர் இரண்டு முறை பிஸ்கட்டைத் திருப்பி அனுப்பிவிட்டார். நடுவில் வேகவில்லை என்பது குறை. மூன்றாம் முறையும் திரும்பினால் அந்தக் கடை கைவிட்டுப் போகும் என்ற நிலை. பழுது பார்ப்பவர் ஒருவர் வந்து பார்த்து, இரண்டு காயிலையும் மாற்ற வேண்டும், 1,800 ரூபாய் ஆகும் என்றார்.

அம்மா அதற்கு உடன்படவில்லை. என்னிடம், "ஏ பாப்பா, வாசப்பக்கம் இருக்கிற பிஸ்கட் வெளுத்துப் போகுது, உள்பக்கம் செவந்து போகுது. காயில் போயிருந்தா எல்லாமே ஒண்ணாத்தான வெளுக்கணும்?" என்று கேட்டார். பள்ளிக்கூடத்தில் நான்காம் வகுப்பைத் தாண்டாதவர் அவர். எனினும் மேலே நான் நான்காவதாகக் கூறிய அறிகுறியை எனக்கு முன்பே கண்டு, அதற்குரிய காரணத்தையும் பாதி எட்டியிருந்தார். மீதிப் பாதிக்கு அளவீடு தேவைப்பட்டது.

எங்கள் துறை விரிவுரையாளர் ஒருவரின் அனுமதியுடன் ஒரு மல்டிமீட்டரையும், அதனோடு சேர்ந்த கே வகை வெப்ப மின்னிரட்டையையும் விடுமுறைக்கு வாங்கிச் சென்றேன். குரோமெல், அலுமெல் என்னும் இரு கலப்புலோகக் கம்பிகளின் சந்தி இது. டிகிரிக்கு ஏறத்தாழ 41 மைக்ரோவோல்ட் வீதம் மின்னழுத்தம் தரும். 1821-இல் சீபெக் கண்ட விளைவு, எங்கள் வீட்டு அடுப்பாங்கரை வரை வந்தது.

முதற்சோதனை காயில். செருகியைப் பிடுங்கி, அடுப்பு நன்றாகக் குளிர்ந்த பின் அளந்தேன். மேல் காயில் 70 ஓம். கீழ் காயில் 71 ஓம். இரண்டும் நலம். 1,800 ரூபாய் செலவு அப்போதே தேவையற்றதாயிற்று.

இரண்டாம் சோதனை மின்னழுத்தம். காலை 6 மணிக்கு 226 வோல்ட். மாலை 7 மணிக்கு, ஊரெங்கும் விளக்கும் மோட்டாரும் ஓடும் வேளையில், 185 வோல்ட். எங்கள் வீடு மின்மாற்றியிலிருந்து செல்லும் கம்பியின் கடைசியில் உள்ளது. காலையில் வரவு 1450 வாட். மாலையில் 970 வாட். அம்மா பிஸ்கட் சுடுவது மாலையில்தான்.

மூன்றாம் சோதனை செலவு. இதற்குத்தான் கைக்கடிகாரம். காலையில் வெற்று அடுப்பை 180 டிகிரியில் அரைமணி நேரம் காயவிட்டு, பிறகு 20 நிமிடங்களில் விளக்கு எரிந்த நேரத்தை மட்டும் கூட்டினேன். மொத்தம் 7 நிமிடம் 30 விநாடி. அதாவது மொத்த நேரத்தில் 37.5 விழுக்காடு. வெப்பநிலை சராசரியாக ஒரே அளவில் நிற்பதால் வரவும் செலவும் சமம். ஆகவே வெற்று அடுப்பின் செலவு 1450 வாட்டில் 37.5 விழுக்காடு, அதாவது ஏறத்தாழ 545 வாட். வேறு எந்தக் கருவியும் இல்லாமல் அடுப்பின் கசிவை வாட் கணக்கில் அளந்துவிட்டோம் என்பதை நண்பர்கள் கவனிக்க வேண்டும்.

நான்காவது, பிஸ்கட்டின் பங்கு. அம்மாவின் தராசில் ஒரு தடவைக்கு 800 கிராம் மாவு. வெந்த பின் 700 கிராம். 100 கிராம் நீர் ஆவியாயிற்று. அதற்கு 226 கிலோஜூல். மாவின் தன்வெப்பத்தை கிலோகிராமுக்கு 2.5 கிலோஜூல் என்று கொண்டால், 100 டிகிரி வரை ஏற்ற 140 கிலோஜூல். அரைக் கிலோ அலுமினியத் தட்டுகளுக்குச் சுமார் 67 கிலோஜூல். ஆகமொத்தம் 433. இதனை 20 நிமிடங்களுக்குப் பகிர்ந்தால் ஏறத்தாழ 360 வாட்.

இப்போது கணக்கைக் கூட்டுவோம். செலவு 545-உம் 360-உம் சேர்ந்து 905 வாட். காலையில் வரவு 1450, மிச்சம் 545. மாலையில் வரவு 970. மிச்சம் 65 வாட் மட்டுமே. மாவை வைக்கக் கதவைத் திறந்ததில் தாழ்ந்த வெப்பநிலை மீண்டும் ஏற வேண்டுமானால் அது இந்த மிச்சத்திலிருந்துதான் ஏற வேண்டும். 65 வாட்டை வைத்துக்கொண்டு அந்தப் பெட்டி என்ன செய்யும்? மாலையில் தட்டை வைத்தபின் வெப்பநிலை 140-க்கு இறங்கியதையும், 20 நிமிடமாகியும் 150-ஐ ஒட்டியே தடுமாறியதையும் மின்னிரட்டையில் கண்டேன். முன்பக்கம் வெளுத்ததற்காக அம்மா பாதியில் கதவைத் திறந்து தட்டைத் திருப்புவதும் வழக்கம். அந்த அரை நிமிடமும் செலவுப் பக்கத்தில் ஏறிக்கொண்டது.

ஐந்தாவது, கதவு. குளிர்ந்த அடுப்பில் இரண்டு விரல் அகலக் காகிதத் துண்டைக் கதவிடுக்கில் வைத்து மூடி, வெளியே இழுத்துப் பார்த்தேன். சுற்றிலும் எட்டு இடங்களில் பார்த்ததில் ஆறு இடங்களில் காகிதம் இறுகப் பிடித்தது. மேல்விளிம்பின் வலது பக்கத்தில் இரண்டு இடங்களில் பிடிக்கவே இல்லை; வழுக்கிக்கொண்டு வந்தது. அடுப்பு சூடாக இருக்கும்போது அதே இடத்தருகே ஊதுவத்தியைப் பிடித்தேன். மேலே புகை வெளிப்புறம் தள்ளப்பட்டது. கீழ்விளிம்பில் உள்ளே இழுக்கப்பட்டது. புகைபோக்கி கையும் களவுமாகப் பிடிபட்டது. வலப்பக்கச் சுருள்வில் தளர்ந்து போனதே காரணம்.

அந்தச் சுருள்வில்லை மாற்ற ஆன செலவு 60 ரூபாய். மாற்றிய பின் காலையில் அதே 20 நிமிடச் சோதனையை மீண்டும் செய்தேன். விளக்கு எரிந்தது 5 நிமிடம் 50 விநாடி. செலவு 545 வாட்டிலிருந்து ஏறத்தாழ 425 வாட்டாகக் குறைந்துவிட்டது. மாலை மிச்சம் 65-இலிருந்து 185 வாட்டாக, ஏறத்தாழ மூன்று மடங்காயிற்று.

இதனை வேறொரு முறையாலும் சரிபார்த்தேன். நியூட்டனின் குளிர்தல் விதியை நாம் ஆய்வுக்கூடத்தில் செய்திருக்கிறோம். நியூட்டன் அதனை 1701-இல் வெளியிட்டார். அடுப்பை நிறுத்திவிட்டு, கதவைத் திறக்காமல், 180 டிகிரியிலிருந்து 105 டிகிரிக்கு இறங்க ஆகும் நேரத்தைப் பார்க்க வேண்டும். அறை 30 டிகிரி என்றால் மிகை வெப்பநிலை 150-இலிருந்து 75-ஆக, சரிபாதியாகக் குறையும் நேரம் அது. சுருள்வில் மாற்றுவதற்கு முன் 7 நிமிடம்; மாற்றிய பின் 9 நிமிடம். 9-ஐ 7-ஆல் வகுத்தால் 1.29. முன் கூறிய 545-ஐ 425-ஆல் வகுத்தாலும் 1.28. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரு வழிகள் ஒரே விடையைத் தந்தபோது ஏற்பட்ட நிறைவை எழுத்தில் சொல்வது எளிதன்று. உயர்ந்த வெப்பநிலையில் கதிர்வீசலின் பங்கு மிகுவதால் இவ்விதி முற்றிலும் பொருந்தாது என்பது உண்மையே. ஆனால் ஒரே அடுப்பை ஒரே எல்லைக்குள் இருமுறை ஒப்பிடுவதற்கு இதில் தடையில்லை.

மின்னழுத்தத்தை நம்மால் மாற்ற இயலாது, நேரத்தை மாற்றலாம். அம்மா இப்போது விடியற்காலை 5 மணிக்கு முதல் தட்டை வைக்கிறார். பாதியில் தட்டைத் திருப்ப வேண்டியிருக்கவில்லை. கடைக்காரர் பிஸ்கட்டைத் திருப்பி அனுப்புவதும் நின்றுவிட்டது.

கருவி இல்லாதவர்களுக்கு

மின்னிரட்டை கிடைக்காதவர்கள் சர்க்கரையைப் பயன்படுத்தலாம். தூய சர்க்கரை ஏறத்தாழ 186 டிகிரியில் உருகும். நன்றாகக் காய்ந்த அடுப்பில் ஒரு சிட்டிகைச் சர்க்கரையைச் சிறு தகட்டில் வைத்து, திருகை 175-இல் நிறுத்தி 15 நிமிடம் விட்டால் அது மணலாகவே இருக்க வேண்டும். 200-இல் வைத்தால் உருக வேண்டும். 175-லேயே உருகினால் அடுப்பு காட்டுவதை விடச் சூடு அதிகம். 200-லும் உருகாவிட்டால் சூடு குறைவு. நம் ஆய்வுக்கூடத்துப் பாதரச வெப்பநிலைமானியை ஒருபோதும் அடுப்பினுள் வைக்கக் கூடாது. உடைந்தால் பாதரச ஆவி உணவிலும் மூச்சிலும் கலந்துவிடும்.

சூடு மேலும் கீழும் அலைபாயும் அடுப்பில், கீழ்த்தட்டில் மெருகு பூசாத சுட்ட மண் ஓடு ஒன்றை வைக்கலாம். 2 கிலோகிராம் ஓடு, 180 டிகிரியில், ஏறத்தாழ 250 கிலோஜூல் வெப்பத்தைச் சேர்த்து வைக்கும். அதாவது அடுப்பின் கையிருப்பு இருமடங்குக்கு மேலாகும். ஆனால் முதலில் காய்வதற்குக் கூடுதல் நேரம் பிடிக்கும். ஓடு வரவைக் கூட்டாது, கசிவையும் அடைக்காது. வீட்டில் சேமிப்பு இருப்பதைப் போல ஏற்ற இறக்கத்தைத் தாங்கும், அவ்வளவே.

எச்சரிக்கைகள்

செருகியைப் பிடுங்காமல் எந்த மூடியையும் கழற்றக் கூடாது. திருகை நிறுத்தினால் மட்டும் போதாது.

காயிலின் முனைக்கும் அடுப்பின் உடலுக்கும் இடையே மின்தடையை அளந்தால் மல்டிமீட்டர் எதையும் காட்டக் கூடாது. ஏதேனும் அளவு காட்டினால், மக்னீசியம் ஆக்சைடு தூளில் ஈரம் ஏறியிருக்கலாம் அல்லது கம்பி உடலைத் தொட்டிருக்கலாம். அந்த அடுப்பைப் பயன்படுத்தாமல் தேர்ந்த மின்பணியாளரிடம் காட்ட வேண்டும்.

1500 வாட் அடுப்பு 6.5 ஆம்பியர் இழுக்கும். 6 ஆம்பியர் செருகியில் மாட்டுவது தவறு. நிலத்தொடுப்பு உள்ள 16 ஆம்பியர் செருகுவாய் வேண்டும். தளர்ந்த செருகியில் ஓர் ஓம் மின்தடை இருந்தாலே அங்கு 42 வாட் வெப்பம் பிறக்கும். செருகி கையைச் சுட்டால், அடுப்பினுள் போக வேண்டிய வெப்பம் சுவரில் பிறக்கிறது என்று அறிக. தீப்பிடிக்கவும் கூடும்.

கதவிடுக்கை அடைக்கச் சைக்கிள் டியூப் ரப்பரை ஒட்டக் கூடாது, கருகிப் புகையும். அடுப்பின் பக்கவாட்டிலும் பின்புறமும் உள்ள காற்றுத் துளைகளை இடுக்கு என்று எண்ணி மூடிவிடவும் கூடாது. மின்கம்பிகள் வெந்து போகாமல் காப்பவை அவை.

முடிவுரை

சோதிக்க வேண்டிய வரிசையை மீண்டும் தொகுத்துக் கூறுகிறேன். முதலில் திருகுகள், அடுத்துச் செருகி, பிறகு சுடும் வேளையில் மின்னழுத்தம், பிறகு காயிலின் மின்தடை, பிறகு காகிதத்தால் கதவு, பிறகு விளக்கு எரியும் நேரம், கடைசியாகத் தெர்மோஸ்டாட். செலவில்லாதவை முன்னும் செலவுள்ளவை பின்னுமாக இவ்வரிசை அமைந்துள்ளது. ஒவ்வொரு படியிலும் ஓர் எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும். பழுது பார்த்த பின் அதே எண்ணை மீண்டும் அளந்து ஒப்பிட வேண்டும். எண் மாறவில்லை என்றால் பழுது இன்னும் தீரவில்லை.

நம் கல்லூரியில் பயில்வோர் பலருடைய வீடுகளில் தையல் இயந்திரம், மாவு அரைக்கும் இயந்திரம், இஸ்திரிப் பெட்டி, மோட்டார் என ஏதேனும் ஒன்றின் மேல் குடும்பம் நடக்கிறது. அவை பழுதாகும்போது முதலில் கேட்க வேண்டியது "எதை மாற்றலாம்?" என்பதன்று, "எதை அளக்கலாம்?" என்பதே. அன்றாடம் அதனோடு பழகுகிறவர் சொல்லும் குறையையும் காது கொடுத்துக் கேட்க வேண்டும். எங்கள் துறையின் மல்டிமீட்டரை விடுமுறை நாட்களில் உரிய அனுமதியுடன் பெற்றுச் செல்லலாம். திரும்பக் கொண்டுவரும்போது உங்கள் வீட்டு அடுப்பின் செலவு எத்தனை வாட் என்பதையும் குறித்துக்கொண்டு வாருங்கள், ஒப்பிட்டுப் பார்ப்போம்.